அண்ணன் தனியாகப் போகும் வாக்கிங்

என் அண்ணனுக்கு வயது முப்பது, டவுன் சிண்ட்ரோம். எடையைக் குறைக்காவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் மிரட்டிவிட்டார். வீட்டில் சர்க்கரை கட், இட்லிக்கு அளவு. சாயங்காலமானால் சோமனூர்த் தெருக்களில் தனியாக வாக்கிங். ஆனாலும் எடை ஏறியது. சட்டையில் பன் தூள் வேறு. மூலைக்கடை பேக்கரிக்காரர் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒருநாள் ஒளிந்து பின்னால் போனேன். பேக்கரி வாசலில் அண்ணன் நின்றதும் வீடியோ எடுக்க போனைத் தூக்கினேன். பேக்கரிக்காரரோ, "பன்னெல்லாம் கெடையாது கண்ணு, உங்கம்மா சொல்லிப்போட்டாங்க" என்று கையை விரித்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்த தெருவில் தறி ஓட்டும் அக்கா, "வா கண்ணு" என்று கூப்பிட்டுத் தட்டில் பன்னும் முறுக்கும் வைத்தார். பக்கத்து வீட்டில் பணியாரம். எதிர்வீட்டில் பாயசம்.

ஓடிப்போய்க் கத்தினேன். "ஏனுங்கக்கா, அவனைக் கொல்லப் பாக்கறீங்களா?"

தறிக்கார அக்கா பதறிப்போனார். "அய்யோ, ஊட்டுக்கு வந்த புள்ளைய வெறும் வாயோட அனுப்பறதுங்களா? ஒரு வாய்தானுங்க குடுத்தேன்!"

தெருவே ஆளுக்கு ஒரு வாய்தானே என்று நினைத்திருக்கிறது.

அண்ணன் என்னை முறைத்தான். "நீ வேண்டாம்னு சொல்றே. அவங்க வான்னு சொல்றாங்க."

யோசித்தால், வீட்டில் நாங்கள் அவனிடம் பேசுவதே 'போதும்', 'வேண்டாம்' இரண்டும்தான்.

இப்போது அந்த வீடுகளில் அவனுக்கு மோர் மட்டும். கூப்பிடுவது குறையவில்லை, எடை மெல்ல இறங்குகிறது. நான்தான் சந்தேகம் போகாமல் இன்னும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். நேற்று அவன் சட்டென்று திரும்பினான்.

"ஒளியாதே. பக்கத்துல வா."