ஆட்டு மயிரில் ஒட்டிவந்த கொழுக்கட்டைப் புல்

எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தை ஆடுகள் அழிக்கவில்லை, ஊர்த் தலைவரே. நீங்கள் அழித்தீர்கள். இன்றைக்கும் ராஜபாளையத்தில் மேடை கிடைத்தால் ஆட்டுக்காரர்கள்மேல் பழி போடுகிறீர்கள். நான் கூடவே இருந்து பார்த்தவன். எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு வயது முப்பதுகளின் கடைசி. மாடு வைத்துப் பால் கறந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளுக்கு ஊற்றிப் பிழைத்தேன். புல் இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. மேய்ச்சல் நிலம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல். யாரும் விதைக்காதது. கண்மாயை ஒட்டிய ஈரத்தில் அது இடுப்பு உயரம் நின்றது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் ஆசைப்பட்டீர்கள்.

"இந்த ஒசந்த புல்லுல மட்டும் கதிர உருவுங்கப்பா. மத்ததெல்லாம் சொத்தை" என்றீர்கள்.

நெல்லுக்கு நல்ல கதிராகப் பார்த்து விதை எடுத்துப் பழகியவர்கள் நாங்கள். யோசிக்காமல் உருவினோம். நிலத்தை உழுது அதையே விதைத்தோம். புதுப்புல்லில் களை சேரும் என்று ஆட்டுக்கிடையையும் தடுத்தீர்கள். கோடையில் மலையடிவாரத்திலிருந்து இறங்கி, வயலில் ராத்தங்கி உரம் கொடுக்கும் ஆடுகள் எங்கள் ஊரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின.

நான் மட்டும் என் புஞ்சையில் ஒரு கிடையைப் படுக்கவிட்டேன். அதற்காக என்னைச் சாவடியில் நிறுத்தி ஏசினீர்கள். ஊரே பார்த்தது.

அந்த வருடம் புல் நன்றாகத்தான் வந்தது. மறுவருடம் மழை இல்லை. மேய்ச்சல் நிலம் மொத்தமும் ஒரே வாரத்தில் சருகானது. மாடுகளுக்கு எலும்பு தெரிந்தது. வேலித் தழையாவது ஒடிக்கலாம் என்று புஞ்சைக்குப் போனேன்.

பச்சை! கிடை படுத்த இடத்தில் மட்டும் பச்சை. குப்புற விழுந்து பார்த்தேன். ஒரு தூரில் கதிர் கறுப்பு. பக்கத்துத் தூரில் வெளுப்பு. ஒன்று தரையோடு படர்ந்திருந்தது. ஒன்று அதற்குள் விதையை உதிர்த்துவிட்டு அடியில் மறுபடி துளிர்த்திருந்தது. அத்தனையும் கொழுக்கட்டைப் புல்தான்! நான் போட்ட கூச்சலில் என் மனைவி கஞ்சிச் சட்டியோடு ஓடிவந்தாள்.

"பாம்பு கீம்பு கடிச்சிருச்சா? இப்பிடி உருளுதீக!"

"ஏட்டி, செத்த குனிஞ்சு பாரு. எல்லாம் ஒரே புல்லு, ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல!"

"எனக்கு அம்புட்டும் புல்லாத்தான் தெரியுது. மாட்டக் கொண்டாந்து கேளுங்க."

மாடு வந்தது. கறுப்புக் கதிர்த் தூரில் வைத்த வாயை எடுக்கவில்லை. "ஒங்கள விட அது கம்மியாத்தான் சத்தம் போடுது" என்று சிரித்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஆடுகள் இறங்கிவரும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு நடந்தேன். அங்கே பாறை இடுக்கில், ஒரு கைப்பிடி மண்ணில், அதே கறுப்புக் கதிர்! கீழே ஒரு கிடை மேய்ந்துகொண்டிருந்தது. ஓர் ஆட்டைப் பிடித்து அடிவயிற்றைத் துழாவினேன்.

"அண்ணாச்சி, ஆட்டுக்குப் பேன் பாக்கீகளா?" என்றார் ஆட்டுக்காரர்.

பேன் இல்லை, விதை! சொரசொரவென்று சுணை உள்ள விதை மயிரில் ஒட்டியிருந்தது. கறுப்பும் வெளுப்புமாக உள்ளங்கை நிறைய எடுத்தேன். பாறையில் வாழ்ந்தது வறட்சி தாங்கும். கண்மாயில் வாழ்ந்தது ஈரத்தில் ஓங்கும். எல்லாவற்றையும் ஆடுகள் சுமந்துவந்து கலந்துவிட்டதால்தான் எந்த வருடத்திலும் ஏதோ ஒன்று நின்றிருக்கிறது. நாங்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உழுதோம்!

அந்த விதையோடு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். "குட்டப் புல்லக் கொண்டாந்து காட்டுதான் பாரு" என்று சிரித்தீர்கள். மறுபடி உயரப் புல்லையே விதைக்கச் சொன்னீர்கள். மறுபடி காய்ந்தது. இன்று அங்கே பொட்டல்தான்.

என் புஞ்சையில் அந்தப் புல் இன்றும் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தலைவரே, அன்று என்னை நிறுத்திய அதே சாவடியில் இப்போது நீங்கள் நில்லுங்கள். கிடையைத் தடுத்ததும் ஒற்றைப் புல்லை விதைக்கச் சொன்னதும் ஆடா, நீங்களா? ஊர் முன்னால் பதில் சொல்லுங்கள்.