உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது

லாண்டரியில் அவளை எல்லோரும் 'பாக்கெட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. மெஷினுக்குப் போகும் முன் ஒவ்வொரு துணியின் பையையும் துழாவ வேண்டும். அகப்பட்டதைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, தேய்த்து மடித்த துணியின் மேல் வைத்துவிட வேண்டும். பல் செட், யாரோ யாருக்கோ எழுதிய கடிதம், கழற்றி ஒளித்த கல்யாண மோதிரம் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. வாய் மட்டும் திறக்கக் கூடாது. "கேள்வி கேட்டா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவாங்கம்மா" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். வாயைக் கட்டிப்போடச் சம்பளம் தருகிற உத்தியோகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியைத் துவைக்க எடுத்தாள். பத்தாவது படிக்கும் மகளின் யூனிஃபார்ம் பையில் விரல் நீளத்துக்கு ஒன்று தட்டுப்பட்டது. ரோஸ் நிறம், ஸ்ட்ராபெரி வாசனை. வேறொருத்தியாக இருந்தால் பென்டிரைவ் என்று நினைத்திருப்பாள். இவளுக்கா தெரியாது? காலேஜ் பிள்ளைகளின் ஜீன்ஸிலிருந்து வாரத்துக்கு நாலு எடுக்கிறவள். இழுத்துப் புகை விடுகிற வேப், மின் சிகரெட்.

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப்போக, கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. துவைத்து, காயவைத்து, தேய்த்து, மகளின் கட்டிலில் மடித்து வைத்தாள். மேலே, உறைக்குள் அது. ஸ்டேப்ளர்கூட அடித்திருந்தாள். என்ன காரியம் செய்தோம் என்று சுதாரிப்பதற்குள் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெற்றவளுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியாதா? தெரியும். கேட்டால் பிள்ளை ஒரேயடியாக முகம் கொடுக்காமல் போய்விடுவாளோ என்ற பயம்தான். திங்கள், செவ்வாய், புதன் போயின. "சாப்டியா?" "ம்." "பரீட்சை எப்ப?" "வெள்ளி." அவ்வளவுதான் பேச்சு. லாரியோடு வெளியூர் போயிருந்த கணவன் போனில் "வீட்ல எல்லாம் சரியா?" என்றான். சரிதான் என்றாள். பொய் சொன்னதுகூட வலிக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா நீ ஒண்ணுமே கேக்கல?"

"எதை?"

"நடிக்காதம்மா. பாக்கெட்டைப் பாக்காம நீ துணியைத் தண்ணில போடமாட்டன்னு எனக்குத் தெரியாதா? வேணும்னேதான் விட்டு வச்சேன்."

குழாயை மூடினாள்.

"விட முடியலம்மா. காலைல கண்ணு முழிச்சதும் கை அதைத்தான் தேடுது. கிளாஸ்ல உக்காந்தா படபடன்னு வருது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ திட்டுவ, அடிப்ப, பிடுங்கி உடைப்பன்னு நினைச்சேன். நீ என்னடான்னா அழகா மடிச்சு வச்சுத் திருப்பிக் குடுத்துட்ட."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். திட்டத் தோன்றவில்லை. அழுகை இன்னமும் வரவில்லை.

"எப்பலேர்ந்து?"

"எட்டு மாசமா."

இந்த எட்டு மாதத்தில் பிள்ளையிடம் தான் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, படித்தாயா, அந்த இரண்டுதான்.

"சொல்லு" என்றாள். "நான் கேக்குறேன்."