பசை வைத்து ஒட்டிய பாலன்

எதை வாங்கினாலும் முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பாள் அருணாதேவி. குடமாக இருந்தால் கவிழ்ப்பாள், புடவையாக இருந்தால் உள்பக்கத்தைப் புரட்டுவாள். இப்போது தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், சுரேஷ்குமாரின் கடையில், விரல் நீளத் தீவனத் தொட்டி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். வைக்கோல் உதிர்ந்தது. அதில் படுத்திருந்த குழந்தை இயேசு மட்டும் விழவில்லை.

“இன்னா தம்பி இது? அசைய மாட்டேங்குது?”

“ஒட்டியிருக்கேன்க்கா. கெட்டியா நிக்கும்” என்றான் சுரேஷ்குமார். குரலில் பெருமை வேறு.

புரட்டாசியில் கொலு பொம்மை, கார்த்திகையில் அகல் விளக்கு விற்கும் கடை அது. தீபம் முடிந்து பத்து நாளில் காகித நட்சத்திரங்களும் சீரியல் பல்புகளும் குடில் பெட்டிகளும் வந்து இறங்கிவிட்டன. விற்காத அகல்கள் மூலையில் மூட்டையாகக் கிடந்தன. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி அந்த மூட்டையின் மேலேயே காய்ந்துகொண்டிருந்தது.

அருணாதேவிக்கு நாற்பத்தெட்டு வயது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். இங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒற்றை மெஷினைப் போட்டு ஆல்ட்ரேஷன் செய்கிறாள். அடுத்தவர் தைத்ததைப் பிரிப்பதுதான் பிழைப்பு என்பதால் உலகத்தில் ஒருவர் வேலையும் அவளுக்குப் பிடிக்காது. “யாரு தச்சது இத? கையாலயா, காலாலயா?” என்று கேட்காமல் எந்த ஜாக்கெட்டையும் வாங்கி வைத்ததில்லை. ரேஷன் கடை வரிசையில் தன்னைத் தாண்டிப் போகிறவனை விட்டுவிடுவாள். பக்கத்தில் நிற்கிற கிழவரைத் தாண்டிப் போனால் தொலைந்தான். “நான் சண்ட போடறவ இல்ல. கேக்கறேன், அவ்ளோதான்” என்பாள். அவள் கேட்கிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும்.

இன்று அவள் கேட்க வந்தது சரோஜாவுக்காக. செங்கம் சாலையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள் சரோஜா. கிழிந்த திரைச்சீலைகளைத் தைக்கக் கொண்டுவந்து, பதினைந்து வருடமாகப் பழக்கம். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம், குழந்தை இல்லை. அவள் புகுந்த வீட்டில் டிசம்பர் பிறந்ததும் இயேசு பிறந்த குடிலை வைத்துவிடுவார்கள். தொட்டி மட்டும் காலியாக இருக்கும். இருபத்துநாலாம் தேதி இரவு பூசை முடிந்து வந்த பிறகு, வீட்டுப் பெண் ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து அதில் கிடத்த வேண்டும். வைக்கோல் பரப்புவது, களிமண் குழைப்பது, பல்பு கட்டுவது எல்லாம் சரோஜா. குழந்தையைக் கிடத்துவது மட்டும் ஓரகத்தி. கல்யாணமான நாலாவது வருடம் ஒருமுறை சரோஜா கையை நீட்டியதற்கு, “புள்ள பெத்த கை வெக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள் மாமியார். அதன்பிறகு சரோஜா நீட்டவில்லை.

இந்த வருடம் புருஷன் விமல்ராஜ் அடி அண்ணாமலையில் தனியாக வீடு பார்த்துவிட்டான். “எங்க வீட்ல நானே வெப்பேன்க்கா” என்று காலையில் வந்து சொன்னவள், பழைய கதையையும் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். அருணாதேவிக்கு வந்த கோபத்தில் மெஷின் ஊசி ஒடிந்தது. “சாமியத் தொட்டில்ல படுக்க வெக்கறதுக்கு இவங்களுக்கு இன்னா சர்டிபிகேட்டு காட்டணும்?” என்று கத்திவிட்டு, கடையைப் பூட்டி, சரோஜாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பியவள்தான்.

“போன வருசம் சின்னப் பசங்க கொழந்தைய மட்டும் ஜேப்புல போட்டுக்கினு போய்ட்டாங்கக்கா” என்று விளக்கினான் சுரேஷ்குமார். “வாங்கனவங்க எல்லாம் வந்து சண்ட. அதான் இந்த வாட்டி கடை போடறதுக்கு முன்னாடியே ஒக்காந்து எல்லா செட்டுலயும் ஒட்டிட்டேன். சாமி பீடத்த வுட்டு அசையலாமா?”

“பீடமா? அது இன்னும் பொறக்கவே இல்ல தம்பி! இருவத்திநாலாம் தேதிதான் பொறக்கப் போவுது. பொறக்கறதுக்கு முன்னாடியே பசை போட்டு ஒட்டுவியா நீ?”

அவன் விழித்தான். அவன் விற்ற சாமிகள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிற சாமிகள். சற்று யோசித்து, “தனியா கொழந்த வராதுக்கா. வேணும்னா தவழற கிருஷ்ணர் இருக்கு, கொலு ஸ்டாக்கு. சைசு ஒத்துப்போவும்” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அருணாதேவி அவனைப் பார்த்த பார்வையில், எடுத்த கிருஷ்ணரை மறுபடி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

“வுடுங்கக்கா” என்றாள் சரோஜா. “இதயே வாங்கிக்கறேன். துணி போட்டு மூடி வெச்சுட்டு, அன்னிக்கு ராத்திரி துணிய எடுத்துட்டா போச்சு.”

அதுதான் அருணாதேவியைக் கொதிக்க வைத்தது. மாமியாரைவிட, பசையைவிட, அந்தச் சமாதானம். “துணிய எடுக்கறதுக்காடி இத்தினி வருசம் காத்துக்கினு இருந்த?”

சரோஜா கைப்பையில் பணத்தைத் தேடினாள்.

அருணாதேவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பர்ஸைத் திறந்து, தையல் பிரிக்கிற பாதி பிளேடை எடுத்தாள்.

“ஒடஞ்சா நான் பொறுப்பில்லக்கா.”

“ஒட்டும்போது மட்டும் நீதானே பொறுப்பு? கம்னு இரு.”

குழந்தையின் முதுகுக்கும் வைக்கோலுக்கும் நடுவே பிளேடு முனையை விட்டு, நூல் நூலாகப் பசையைச் சுரண்டினாள். வாய் சும்மா இருக்கவில்லை. பசை செய்தவனைத் திட்டினாள், சுரேஷ்குமாரைத் திட்டினாள், மாமியாரையும் ஓரகத்தியையும் வரிசையாகத் திட்டினாள், கடைசியில் இவ்வளவு காலம் அம்மாவிடம் வாயைத் திறக்காமல் இருந்த விமல்ராஜுக்கு வந்து, அவனைத்தான் அதிக நேரம் திட்டினாள். கை மட்டும் ஒருமுறைகூட அசங்கவில்லை. நட்சத்திரம் வாங்க வந்தவர்கள் வாங்காமல் வேடிக்கை பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் குழந்தை தனியாக வந்தது. முதுகில் நகத்தளவு பெயிண்ட் போய் வெள்ளையாகத் தெரிந்தது.

“குடுங்கக்கா, கவர்ல போட்டுத் தரேன்” என்று சுரேஷ்குமார் கையை நீட்டினான். அருணாதேவி அவனிடம் கொடுக்கவில்லை. சரோஜா இரண்டு உள்ளங்கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அருணாதேவி குழந்தையை அதில் வைத்தாள். சரோஜா குனிந்து பார்த்தபடியே நின்றாள்.

குடில் பெட்டி, நட்சத்திரம், பல்புச் சரம், சரோஜாவின் கைப்பை, குடை எல்லாவற்றையும் அருணாதேவியே இடுப்பிலும் தோளிலுமாக ஏற்றிக்கொண்டாள். சந்தில் நல்ல கூட்டம். “குடுங்கக்கா, பைய நான் தூக்கறேன்” என்று சரோஜா ஒரு கையை நீட்டினாள். அருணாதேவி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, குழந்தை இருந்த மறு கையின் மேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.