சீனியரின் கதிரைக்குப் பின்னால்

சட்டத்தொழிலுக்கு நாங்கள் எல்லோரும் பேசத்தான் வருகிறோம். ஆனால் முதலில் கிடைப்பது வாயை மூடிக்கொண்டு நிற்கிற வேலை.

கொழும்பில் சட்டப் பட்டம் முடித்து, செயன்முறைப் பயிற்சிக்காக மன்னாரில் ஒரு சீனியர் சட்டத்தரணியிடம் வந்து சேர்ந்தேன். சண்டை முடிந்து, சனங்கள் இந்திய முகாம்களிலிருந்தும் இடம்பெயர்ந்த ஊர்களிலிருந்தும் திரும்பிக்கொண்டிருந்த காலம். நீங்களும் யாராவது ஒரு சீனியரின் கதிரைக்குப் பின்னால் கோப்புக்கட்டோடு நின்றவரென்றால், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

எஞ்சின்

பேசாலை மீனவர் ஒருவரின் படகு எஞ்சின் வழக்குப் பொருளாக நீதிமன்ற வளவில் கிடந்தது. தடுத்த பகுதியில் தொழில் செய்தார் என்பது குற்றச்சாட்டு. எஞ்சினை விடுவிக்கக் கேட்பதற்கான காரணங்களை எழுதிக் கொடுத்தது நான். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று வவுனியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சீனியரின் வாகனம் வழியில் நின்றுவிட்டது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பி நின்றேன். பயிலுநர் மன்றில் பேசக்கூடாது. பக்கத்தில் இருந்த வேறொரு சட்டத்தரணி எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல, அடுத்த மாதத்துக்குத் தவணை கொடுத்து வழக்கைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த மாதம் எஞ்சினை விட்டார்கள். அதுவரை மீனவர் தன் மைத்துனரின் படகில் கூலிக்குப் போனார். அன்று வெளியே வந்ததும் நான் விதியை விளக்கினேன். வளவில் கிடந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாமல் அவர் கேட்டார்: "வாய் திறக்காம நிக்கிறதெண்டா நானே நிண்டிருப்பன் பிள்ளை. அதுக்கு இவ்வளவு படிப்பு என்னத்துக்கு?"

கிணற்றடி

புத்தளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு முஸ்லிம் அம்மாவின் காணியில், வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று தகரக் கொட்டில் போட்டு இருந்தது. அம்மாவிடம் காணி உறுதிப்பத்திரம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்குப் போக இடம் இல்லை. எல்லைகளைப் பார்த்து வரும்படி சீனியர் என்னை அம்மாவோடு அனுப்பினார். சண்டை வந்தால் என்ன செய்வது என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

அம்மா நேரே கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். கொட்டிலில் இருந்த பெண் பின்னால் வந்து, தாங்கள் வந்தபோது கிணறு தூர்ந்து கிடந்ததென்றும், இறைத்துத் துப்பரவாக்கியது தாங்கள்தான் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்ட எல்லைக் கேள்விகளை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. ஒரே பாயில் இருந்து பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தார்கள். தேத்தண்ணி வந்தது. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு வேறிடத்தில் காணி கிடைத்து எழும்பிப் போகும் வரைக்கும் வழக்கும் நடந்தது, அம்மா அங்கே போய்வருவதும் நடந்தது.

திரும்பும்போது ஓட்டோவில் வைத்து, எதிராளி வீட்டில் இப்படித் தேத்தண்ணி குடிப்பது வழக்கைப் பாதிக்கலாம் என்று நான் எச்சரித்தேன். அம்மா சொன்னார்: "வழக்கு வழக்கா நடக்கட்டும் மகள். அந்தத் தேத்தண்ணிக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை."

நம்புகிறேன்

உயிலங்குளத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கடைசிச் சண்டைக் காலத்தில் போன கணவர் திரும்பவில்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் அவர் பெயரில் இருந்தது. அதை மனைவியின் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டும். அதற்கு முதலில், சத்தியம் செய்து கையெழுத்து வைக்கிற ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். படித்த முறைப்படி நான் எழுதினேன். சீனியர் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அதை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். "எனது கணவர் இறந்துவிட்டார் என நம்புகிறேன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். அந்த வரி இல்லாமல் வயல் பெயர் மாறாது என்று விளக்கினேன். எல்லாம் விளங்கியது என்று தலையாட்டினார். பேனையை மேசையில் வைத்துவிட்டார். சீனியர் எழும்பி வந்து அந்த வரியை வெட்டி, "இன்றுவரை திரும்பி வரவில்லை" என்று எழுதினார். பதிவாளர் கந்தோர் அதைத் திருப்பி அனுப்பியது. சீனியர் மறுபடி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் இரக்கமுள்ள ஓர் அதிகாரி, பெயரை மாற்றாமலே அவர் வயலைச் செய்ய இடம் கொடுத்தார். அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

பேனையை வைத்த அன்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது: "நம்புகிறேன் எண்டு போட்டிருக்கிறியள் பிள்ளை. நான் நம்புறது வேற."

முதற் பேச்சு

பயிற்சி முடிந்து, சத்தியப்பிரமாணம் செய்து, நானும் சட்டத்தரணியானேன். முதல் வழக்கு, தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய ஒரு லொறிச் சாரதியினது. அங்கே லொறி ஓடின அனுமதிப்பத்திரத்தை நம்பி இங்கேயும் லொறி ஓடிப் பொலிசில் பிடிபட்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். எனக்கு மிஞ்சியது, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது மட்டும்தான்.

சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் பேசினேன். படகில் போனது, முகாமின் ஒற்றை அறை, அங்கே பிறந்த பிள்ளைகள், வெறுங்கையோடு திரும்பியது, ஒன்றையும் விடவில்லை. நீதவான் பொறுமையாகக் கேட்டு, எச்சரித்து விட்டார். சாரதி வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. சொன்னார்: "என்ர சீவியத்தில இவ்வளவு கஷ்டம் இருந்தது எனக்கே இண்டைக்குத்தான் தெரியும் தங்கச்சி."

இவ்வளவும் படித்து, பயிற்சி எடுத்து, பேசுவதற்கு அனுமதியும் வாங்கிய பிறகு மன்றில் நான் அதிகம் சொன்னது என்ன என்று கேட்டால், "இன்னொரு தவணை தாருங்கள்" என்பதுதான்.