ஆச்சி வீட்டு ஹாலில் அடித்த தும்பா

முதன்முதலில் என் கைக்கு வந்தபோது அந்தத் தும்பாவுக்குள் குடைகள் இருந்தன. இடுப்பளவு உயரம், ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறந்த வாய். கியூபாக்காரர்கள் வெறுங்கையால் அடித்து ஊரையே ஆடவைக்கும் வாத்தியம் அது. கானாடுகாத்தான் செட்டியார் ஒருவர் சைகோனிலிருந்து ஆசையாக வாங்கி வந்து, ஆசை தீர்ந்ததும் மறுபடி கப்பலேறிவிட்டார். வீட்டு ஆச்சி அதைக் கவிழ்த்து வைத்துக் குடை செருகிக்கொண்டார். நான் கேட்டதும், "குடைக்கு வேற எடம் பாத்துக்கிறேன், எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று கொடுத்துவிட்டார்.

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியில் நாங்கள் ஐந்து பேர் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் கச்சேரி செய்துகொண்டிருந்தோம். கேட்பதெல்லாம் சினிமாப் பாட்டு. நடுவில் நான் லத்தீன் தாளத்தை நுழைத்துவிடுவேன். "பாட்டை வாசிங்கய்யா" என்று பந்தியிலிருந்து சத்தம் வரும். எனக்குக் கோபம் வந்தால் இன்னும் பலமாக அடிப்பேன்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். நானோ என் சொந்த மெட்டு ஒன்றை ஒலிநாடாவில் பதிந்து சென்னையில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்குத் தூக்கிப் போயிருந்தேன். அங்கிருந்த அதிகாரி கேட்டுவிட்டு, "அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை கொண்டு வாங்க, அதோட சரி" என்றார். அப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் ஆகலைன்னா ஜூன் மாசம் நீ வகுப்புக்குப் போற." சரி என்றேன். வேறென்ன சொல்வது?

குறை என் கையில் இல்லை, பதிவு செய்த அறையில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்கள் வீட்டுச் சின்ன அறை அது. சுற்றிலும் நெல் மூட்டை. சத்தம் எழுந்த இடத்திலேயே படுத்துவிட்டது. அப்போதுதான் ஆச்சி வீட்டு ஹால் நினைவுக்கு வந்தது. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, ஒரு சாமான் கிடையாது. தும்பா வாங்கப் போன அன்று அங்கே தும்மினேன், தும்மல் மாடி வரை போய்த் திரும்பி வந்தது. ஆச்சியிடம் கேட்டேன். தாராளமாக வரச் சொன்னார்.

நாடா இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் இறங்கினோம். ஹாலைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. வருகிறவர்களுக்கு மரியாதையாக ஒரு மூலை விடாமல் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் கம்பளமும் போட்டு, சுவரோரம் திண்டு அடுக்கியிருந்தார். கை தட்டிப் பார்த்தேன். எதிரொலியே இல்லை. குனிந்து ஒரு முனையைத் தூக்கினேன்.

"என்ன காரியம் பண்ணுறீக தம்பி! வந்தவுக உக்காராம விரிப்பைச் சுருட்டவா? அங்குட்டு இருக்க பங்காளி வீட்டுல கேட்டா என்ன நினைப்பாக?"

"சத்தம் செத்துப்போகுது ஆச்சி!"

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் ட்ரம்பெட்காரர்தான் நயமாகக் கேட்டார். "உக்காந்து எந்திரிச்ச பெறகு சுருட்டலாமா ஆச்சி?"

"சாப்பிட்டு, வெத்தலை போட்டு எந்திரிங்க. அப்புறம் யாரு வேணாம்னா?"

உட்கார்ந்தோம். பால் பணியாரம் வந்தது, கும்மாயம் வந்தது, சாப்பாடு வந்தது. சாயங்காலம் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டார்கள். அவர்களை அறையலாம் போலிருந்தது.

வெற்றிலை போட்டு எழுந்தோம். ஆச்சியே முதல் முனையைப் பிடித்துச் சுருட்டினார். வெறுந்தரையில் தும்பாவை வைத்து ஓர் அடி அடித்தேன். சத்தம் தூண்களைச் சுற்றி மாடிக்கு ஏறி, கனத்துப்போய் என்னிடம் திரும்பி வந்தது. நேரம் ஒரே ஒரு முறை வாசிக்கத்தான் இருந்தது. வாசித்தோம். முடியும் வரை ஆச்சி வாசலில் நின்று ஒருவரையும் உள்ளே விடவில்லை.

சென்னை அதிகாரி நாடாவை முழுக்கக் கேட்டார். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். "இது எந்த ஸ்டூடியோ?"

"எங்க ஊரு" என்றேன். அதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்கு மனமில்லை.

இசைத்தட்டில் தாளம், தயாரிப்பு இரண்டுக்கும் என் பெயரையே போட்டார்கள். எழுபதுகள் முழுக்க நான் அடித்ததும் மற்றவர்களை அடிக்கவைத்ததுமாக எத்தனையோ தட்டுகள் வந்தன. ஆனால் நான் ஜெயித்த நாள் எது என்று கேட்டால், அந்த ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன். பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் நின்றது. எனக்கு வேலையை வைத்திருந்த பங்குச் சாமியார் அப்பாவிடம் வந்தார்.

"மகன் நாளைக்கு வந்து சேந்துக்கிறாரா?"

"இல்ல சாமி. அவனுக்கு வேலை இருக்கு."

"அப்படியா? என்ன வேலை?"

வாழ்நாளெல்லாம் வகுப்பில் பேசியே பழகிய அப்பாவின் குரல் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது.

"கொட்டடிக்கிறான் சாமி. நல்லா அடிக்கிறான்."