காதர்பேட்டையில் சாய்ந்த கோபுரம்

காதர்பேட்டைச் சந்தில் பனியன்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. அடுத்த மாதம் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பா சுற்றப் போகிறவன் நான். பட்ஜெட் இடிக்கிறது என்று பாரிஸை ஏற்கெனவே வெட்டியாயிற்று. இனி உடுப்பில் மிச்சம் பிடித்தால்தான் உண்டு. அதற்காகவே மதுரையிலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் வந்திருக்கிறேன். பஸ் காசைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட சரக்கு இங்கே மலிவு. நான் பொறுக்கியெடுத்த நாலு பனியனிலும், நெஞ்சில் ஈஃபில் கோபுரம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது.

"கோபுரம் கோணையா இருக்குதுன்னு சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் மொத்த லாட்டையும் தள்ளிட்டாருங்க," என்கிறார் கடைக்காரர். பிரிண்டிங் போட்டவரும் அவரேதான். "நான் நேராத்தானுங்க போட்டேன்."

பிறகு என் புது முதுகுப்பையைப் பார்க்கிறார். "தம்பி, எங்கீங்க பயணம்?"

"ஐரோப்பாவுக்கு," என்று வாயை விட்டுவிடுகிறேன்.

அவர் முகம் மலர்கிறது. நாலு பனியனையும் தானே என் பையில் திணிக்கிறார். காசை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார்.

"பாரிஸ்ல அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்துல இதப் போட்டுட்டு நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க, அது போதும். எனக்கென்னமோ அந்தக் கோபுரமே கோணைன்னுதான் தோணுதுங்க."

அவர் முகத்தைப் பார்த்து, பாரிஸ் போகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓசியில் வாங்கிய நாலு பனியனுக்காக, திரும்பும் பஸ்ஸில் பாரிஸை மறுபடி பட்ஜெட்டில் சேர்க்கிறேன்.