விடாத ஷிப்ட் கீ

அழுத்தின கீயைப் பச்சையாகக் காட்டும் டெஸ்ட் ஸ்கிரீனில் இடது ஷிப்ட் கீ மட்டும் பச்சையாகவே நின்றது. விரலை எடுத்தும் கீ மேலே வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தை ஒட்டிய ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவள் நான். ரிட்டயர் ஆன பிறகு ராயபுரம் வீட்டில் பழைய கீபோர்டுகளைச் சேர்த்து, டெஸ்ட் செய்து, ஓட வைக்கிறேன். நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இதுவும் சாத்தாங்காடு ஸ்கிராப் கடையில் எடுத்ததுதான். நல்ல கனம், தடித்த ஐந்து பின் பிளக். கன்வெர்ட்டர் வைத்தால் இன்றைய யுஎஸ்பியிலும் ஓடும்.

கழற்றிப் பார்த்தேன். ஷிப்ட் கீயின் ஓரத்தில் ஸ்க்ரூ போட்டு ஒரு சின்ன இரும்புத் தகடு மாட்டியிருந்தது. அதுதான் கீயைப் பிடித்துவைத்திருந்தது. யாரோ அரைகுறை மெக்கானிக் செய்த வேலை என்று கழற்றிக் குப்பையில் போட்டேன். ஷிப்ட் ஜோராக வேலை செய்தது.

கையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. தகடு விரலைக் கீறவில்லை. இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு துண்டுதான், ஆனால் விளிம்பெல்லாம் வழவழவென்று ராவியிருந்தது. உள்ளே மறைந்து கிடக்கும் தகட்டை யார் இவ்வளவு பொறுமையாக ராவுவார்கள்? குப்பையிலிருந்து திரும்ப எடுத்தேன். ஒரு முனை உடைந்திருந்தது. அந்த முனை கீபோர்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மறுநாளே ஸ்கிராப் கடை பாயிடம் போய் நின்றேன்.

"அது கொருக்குப்பேட்டை லாரி ஆபீஸ் லாட்டும்மா," என்றார். "புது சிஸ்டம் போட்டாங்கோ, பழ்செல்லாம் தூக்கிப் போட்டாங்கோ. இன்னாத்துக்குக் கேக்கறே?"

"இதுல தட்டினது யாருன்னு பாக்கணும் பாய்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழி சொன்னார்.

லாரி ஆபீஸில் ஏகாம்பரம் என்பவரைக் காட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும். இடது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள்தான். வாலிபத்தில் இரண்டு கையும் பாரம் தூக்கும் வின்ச் கம்பியில் சிக்கியதாம். புது கீபோர்டை முறைத்துக்கொண்டிருந்தவர், என் பையிலிருந்து வந்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"யக்கா, இது எங்க கெட்ச்சிது ஒனக்கு?"

ஒவ்வொரு லாரி என்ட்ரியும் சேவ் ஆக, ஷிப்டையும் எஃப்-ஐந்தையும் சேர்த்து அழுத்த வேண்டுமாம். இரண்டு விரலுக்கு அது எட்டாது. அதற்காக அவரே செய்துகொண்ட கொக்கி அது. ஷிப்டை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நீட்டிய முனையைத் தட்டினால் விட்டுவிடும். அது உடைந்ததால்தான் என் வீட்டில் கீ விடாமல் நின்றிருக்கிறது. தங்கை மகள் கல்யாணத்துக்கு அவர் லீவில் போயிருந்தபோது ஆபீஸில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஒரு மாதமாக அவர் டேபிளில் லாரி ரசீதுகள் தேங்கிக் கிடந்தன.

"திங்கக்கெழமலேர்ந்து கேட்ல போய் லாரி நம்பர் எயுதுன்றாரு மேனேஜர். பேனாவே புடிக்க முடியாதவன் இன்னாத்த எயுதுவேன்?"

தகட்டைக் கழற்றியது நான்தான் என்று சொன்னேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. புது கம்ப்யூட்டரிலேயே ஷிப்டைத் தானாகப் பிடித்துவைக்கும் செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டினேன். பத்து என்ட்ரி அடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா புடிச்சிக்கினு கீதா, வுட்டுச்சான்னு வெரலுக்குத் தெரிலயே. ஒவ்வொரு தபாவும் நிமிந்து ஸ்கிரீனப் பாக்க வேண்டிக்கீது."

அன்று மாலையே புது பிளேடு ஒன்றை வெட்டி எடுத்துப் போனேன். விளிம்பையும் நானே ராவித் தருவதாகச் சொன்னேன்.

"நீ அரத்த மட்டும் கெட்டியாப் புடிச்சிக்கோ யக்கா. எங்க கூரா கீதுன்னு என் வெரலுக்குத்தான் தெரியும்."

நான் அரத்தைப் பிடித்தேன்; அவர் தகட்டை இரண்டு விரலால் கவ்வி முன்னும் பின்னும் தேய்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. தகட்டை மாட்டி, கன்வெர்ட்டர் வைத்துப் பழைய கீபோர்டைப் புது கம்ப்யூட்டரில் சொருகியதும், முதல் 'டக்' சத்தத்திலேயே அவர் முகம் தெளிந்தது. நான் பக்கத்தில் நிற்பதையே மறந்து ரசீதுகளை அடிக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "இது நாம ஸ்கிராப்ல போட்டதாச்சே?"

"தப்பாப் போட்டுட்டீங்கோ சார்," என்றார் ஏகாம்பரம், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேனேஜர் அடித்து முடித்த ரசீதுகளைப் புரட்டிப் பார்த்தார். "சரி, கேட்டுக்கு வேற ஆள் பாக்கறேன்," என்று உள்ளே போனார்.

சர்வீஸ் வேலை கற்றுக்கொள்ள என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஒரு கீபோர்டில் புரியாத சமாசாரம் ஏதாவது கண்ணில் பட்டால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். இதைத் தட்டினவர் கை எப்படி இருந்திருக்கும் என்று முதலில் விசாரியுங்கள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேருடைய கொக்கிகளை இப்படிக் கழற்றி எறிந்தேனோ, எனக்கே தெரியாது.